அறுபத்தொன்றாவது சாட்சி

ஜனவரி 9

கிடங்கு விபத்து விசாரணை அறிக்கையைத் தட்டச்சு செய்தவருக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் உங்கள் பெயரும் தட்டச்சு நிலையத்தின் முகவரியும் இருந்தன. தொள்ளாயிரத்து முப்பது பக்கத்தில் எனக்கு உபயோகமானது அந்த ஒரு வரிதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இடிந்து விழுந்த அந்த ஐந்து மாடிக் கிடங்கில் என் அம்மா துப்புரவு வேலை பார்த்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் எட்டு மணிக்குத் திரும்பிவிடுவார். கட்டடம் விழுந்தது ஒன்பதே காலுக்கு. பத்தொன்பது பேர் போனார்கள். அம்மா அப்போது வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

விசாரணைக் குழு அம்மாவைக் கூப்பிட்டது. அழைப்புக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அறுபத்தொன்றாவது சாட்சி என்று போட்டு. நான்தான் கூட்டிப்போனேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அம்மா தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார். என்ன சொன்னீர்கள் என்றால், "அறிக்கை வர்ற வரைக்கும் வெளியில பேசக் கூடாதுன்னு தலைவர் சொல்லியிருக்கார். வந்ததும் நீயே படிச்சுக்கோ" என்றார்.

அறிக்கை வந்தது. அறுபத்தொன்றாவது சாட்சி ஒரு லிஃப்ட் இயக்குபவர். மொத்தம் நூற்றுப் பதினோரு சாட்சிகள். அம்மா எங்கேயும் இல்லை.

அதற்குச் சில மாதம் முன்புதான் என் அண்ணனுக்கு அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையில் வேலை கிடைத்திருந்தது. பிறகு சொல்ல வேண்டுமா? மகனுக்கு வேலை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள் என்று பேச்சு கிளம்பியது. அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. பேச்சு மட்டும் சாகவில்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பெண்மணி வந்தார். அந்தக் கிடங்கில் மகனைப் பறிகொடுத்தவர். நான் யார் என்று தெரிந்ததும் கொடுத்த ஃபிரேமைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "உன் கையால எனக்குப் பார்வை வேண்டாம்" என்றார்.

துறை அலுவலகத்தில் கேட்டேன். மூல ஆவணங்கள் விதிப்படி இரண்டு வருஷத்தில் அழிக்கப்பட்டுவிட்டனவாம். அதனால் உங்களைக் கேட்கிறேன். அம்மா சொன்னதை யார் எடுத்தார்கள்? யார் சொல்லி எடுத்தார்கள்?

அறுபத்தொன்றாவது சாட்சியின் மகள்


ஜனவரி 20

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். விசாரணைக் குழுவில் நான் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய சுருக்கெழுத்துத் தட்டச்சர் மட்டுமே. அறிக்கையின் உள்ளடக்கத்தைச் சேர்க்கவோ நீக்கவோ எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. தங்கள் தாயாரின் பதினொரு பக்க வாக்குமூலம் குறித்து விளக்கம் தேவைப்படின் உரிய துறையை மீண்டும் அணுகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
தட்டச்சு நிலைய உரிமையாளர்


ஜனவரி 27

தட்டச்சு நிலைய அம்மாவுக்கு,

பதினொரு பக்கம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் எழுதவில்லை. எனக்கே தெரியாது. அழைப்புக் கடிதத்தில் இல்லை, அறிக்கையில் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நூற்றுக்கு மேல் சாட்சிகளுக்குத் தட்டச்சு செய்தவர் நீங்கள். அதில் ஒரு துப்புரவுக்காரி எத்தனை பக்கம் பேசினார் என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன்.

அறிக்கை வந்த அன்று நூலகத்தில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அம்மாவுக்குப் படிக்க வராது. பக்கத்திலேயே உட்கார்ந்து என் விரல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கமும் முடிந்தது. "இல்லைம்மா" என்றேன். அறிக்கையை அவரே மூடி வைத்தார். பிறகு, "நான் சரியாப் பேசலை போல. படிச்சவங்க நடுவுல என் பேச்சைப் போட முடியலை போல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. நான் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "விடு. சொல்லத் தெரியாதவ சொன்னது" என்பார்.

தன்மேல் பழி சொன்னவர்களைவிட, தான் பேசியதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

துறையை அணுகச் சொல்லாதீர்கள். அணுகியாகிவிட்டது.

மகள்


பிப்ரவரி 12

தங்கச்சிக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. 'அன்புடையீர்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். கை ஓடவில்லை.

உன் அம்மா நன்றாகப் பேசினார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை நடந்த அந்த எட்டு மாதத்தில் பொறியாளர்கள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள் எல்லோரும் வந்து பேசினார்கள். அத்தனை பேரிலும் குழுத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது உன் அம்மா பேசியதைத்தான். சாட்சிகள் பேசுகிறபடியே, பேச்சு மொழியிலேயே பதிய வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை.

யார் எடுத்தார்கள் என்று கேட்டாய். யாரும் எடுக்கவில்லை. கேட்டால் உனக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் நடந்தது இதுதான்.

அறிக்கை முழுவதும் ஒரே கோப்பாக இருந்தது. தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல், நூற்று நாற்பது புகைப்படங்கள், வரைபடங்கள். சாட்சிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிடலாம் என்று குழுச் செயலாளரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "பக்க எண் வரிசையா ஓடணும். அடிக்குறிப்பு, மேற்கோள் எல்லாம் தானா சரியாகணும். ஒரே ஃபைலாவே இருக்கட்டும்" என்றார். அந்தக் கம்ப்யூட்டருக்கு அது தாங்கக்கூடிய பாரமில்லை. திறக்கவே நாலு நிமிடம் பிடிக்கும். சேமிக்க அழுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தால்கூட அந்தச் சின்ன மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அறிக்கையைத் திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம், சேமித்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டேன். 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று வந்தது. சரிசெய்யச் சொன்னேன், செய்தது. திறந்து பார்த்தால் ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து பதினொரு பக்கம் இல்லை. இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள், ஏழெட்டு வரிசை.

காப்புப் பிரதி இல்லையா என்று கேட்பாய். இருந்தது. தினமும் சாயங்காலம் தவறாமல் எடுத்து வைப்பேன். அதைத் திறந்தேன். அதிலும் அதே கட்டங்கள். அதற்கு முந்தையதிலும் அதே. சேதம் வெள்ளிக்கிழமை வந்ததல்ல. மூன்று வாரமாக நடுவில் எங்கோ இருந்திருக்கிறது. நான் கடைசிப் பக்கங்களிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் நடுவில் போய்ப் பார்க்கவில்லை. நல்ல பிரதியின் மேல் கெட்ட பிரதியை என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன், நாள் தவறாமல்.

அந்தப் பதினொரு பக்கம் உன் அம்மாவுடையது.

சுருக்கெழுத்து நோட்டும், கைநாட்டு வாங்கிய அச்சுப் பிரதியும் ஆவண அறையில் முத்திரை வைத்துப் பூட்டியிருந்தன. திறக்கச் சொன்னேன். "மூணு பேர் கையெழுத்து வேணும். தலைவர் ஆஸ்பத்திரியில கிடக்கார். யாரைப் போய்க் கேக்கிறது?" என்றார் செயலாளர். நான் மேற்கொண்டு பேசவில்லை.

சாட்சிகளின் எண்கள் தானாக ஓடும்படி அமைத்திருந்தேன். ஒருவர் போனதும் அடுத்தவர் அந்த எண்ணுக்கு நகர்ந்துகொண்டார்.

உன் முதல் கடிதம் வந்தபோது கடையில் ஆள் இருந்தது. மேஜைக்கடியில் வைத்துப் படித்தேன்.

தட்டச்சுக்காரி


பிப்ரவரி 20

மூன்று முறை படித்தேன். நம்புகிறேன். ஆனால் முழுசாக இல்லை.

எங்கள் கடையிலும் மெஷின் லென்ஸை உடைக்கும். உடைந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, உடைந்துவிட்டது, மறுபடி செய்ய மூன்று நாள் ஆகும் என்று சொல்வோம். வெறும் ஃபிரேமை மாட்டி அனுப்ப மாட்டோம்.

எண்கள் தானாக நகர்ந்தன, சரி. முதல் பக்கத்தில் 'நூற்றுப் பதினோரு சாட்சிகள்' என்று எழுத்தால் இருக்கிறதே. அதுவும் தானாக நகர்ந்ததா?

இன்னொன்று. நூலகத்துக்குப் போய் முடிவுரையை மறுபடி படித்தேன். அங்கே ஒரு இடத்தில் இப்படி இருக்கிறது: "மேலாளர், தம்மிடம் எவரும் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை என்றார். ஆகவே கட்டடத்தை முதல் நாளே காலி செய்திருக்க முடியும் என்று குழு கருதுகிறது."

எவரும் சொல்லவில்லை, ஆகவே காலி செய்திருக்க முடியும். இது என்ன தமிழ்? நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. எனக்கே இடிக்கிறது. கிடங்கு மேலாளர்மேல் போட்ட வழக்கில், இந்த வரியைக் காட்டித்தான் அவருடைய வக்கீல், குழுவின் முடிவுக்கு ஆதாரமே இல்லை என்று வாதாடி வழக்கைத் தள்ளுபடி செய்ய வைத்தார். அந்த 'ஆகவே'வுக்கு முன்னால் ஒரு வரி இருந்திருக்கிறது. அது எங்கே?

அதோடு, அம்மா என்ன சொன்னார்? உங்களுக்கு நினைவிருக்கும். பக்க எண்ணிக்கையே நினைவிருக்கிறதே.


மார்ச் 15

தங்கச்சி,

உன் கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை. சொல்லிவிடுகிறேன்.

'நூற்றுப் பன்னிரண்டு' என்பதை 'நூற்றுப் பதினொன்று' என்று மாற்றியது நான்.

அந்த 'ஆகவே'வுக்கு முன்னால் இருந்த வரியை நீக்கியதும் நான். தலைவர் படுக்கையில் விழுவதற்கு முன்னால் தன் கைப்பட எழுதிக் கொடுத்த முடிவுரை அது. "நான்கு நாட்கள் தூணடியில் பூச்சுத் தூள் கொட்டியதையும், அதை மேலாளரிடம் இருமுறை தெரிவித்ததையும் அறுபத்தொன்றாவது சாட்சி கூறியிருப்பது முழுவதும் நம்பத் தகுந்தது" என்று இருந்தது. சாட்சி எண் வரும் இடத்தில், அந்தப் பக்கத்தோடு இணைத்து வைத்திருந்தேன். பக்கமே போய்விட்டதால் அங்கே 'பிழை! மேற்கோள் இடம் காணப்படவில்லை' என்று தடித்த எழுத்தில் வந்து நின்றது. சனிக்கிழமை செயலாளரிடம் காட்டினேன். "இப்படி ஒரு பிழையோட மந்திரி கையில குடுக்க முடியுமா? அந்த வரியையே எடுத்துடு. நூத்துப் பதினோரு பேர் பேசியிருக்காங்க, கூட்டிப் பெருக்குற ஒருத்தி பேசாததால என்ன ஆயிடும்?" என்றார்.

எடுத்துவிட்டேன். ஒரே ஒரு விசை. தலைவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார். நாலு மாதத்தில் போய்விட்டார்.

அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். சேதமான அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வைத்திருக்கவும் பயம், எறியவும் பயம். உன் கடிதம் பார்த்த பிறகு, எழுத்துகளை மட்டும் காட்டும் சாதாரண நிரலில் அதைத் திறந்தேன். முக்கால்வாசி குப்பை. ஆனால் நடுநடுவே வரிகள் இருந்தன. அப்போதெல்லாம் பழைய எழுத்துருவில் அடிப்போம். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ் தெரியாது. எந்த விசையை அழுத்தினோமோ அந்த ஆங்கில எழுத்துதான் தெரியும். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். மற்றவர்களுக்கு அது கிறுக்கல். எனக்கு அப்படியில்லை. இருபத்தாறு வருஷமாக என் விரல் போன வழி அது. விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். ஒரு மாதமாகக் காலையில் கடை திறக்கும் முன்பு இதுதான் வேலை.

பதினொரு பக்கத்தில் நாலு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். அறுந்துபோன இடங்களில் 'எழுத்து இல்லை' என்று போட்டிருக்கிறேன். முக்கியமான பகுதியை இங்கேயும் எழுதுகிறேன்:

"ரெண்டாவது மாடி, மூணாவது தூண். திங்கக்கிழமை அடியில வெள்ளையாத் தூள் கிடந்துச்சு. பெருக்கிட்டேன். செவ்வாக்கிழமை அதே இடத்துல அதைவிட ஜாஸ்தி. புதன்கிழமை முறத்துல ஒரு முறம். சுவத்துல வெடிப்பு இருந்தா கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம், பெருக்குறவளுக்குத் தெரியாம (எழுத்து இல்லை) அன்னிக்கு மேலாளர் படியில ஏறும்போது சொன்னேன். பூச்சு உதிரும், அதுக்கென்னன்னார். வியாழக்கிழமை அவர் மேஜைகிட்டயே போய் நின்னேன். (எழுத்து இல்லை) அவர் தலையை நிமிர்த்தலை. பெருக்கிட்டுப் போம்மான்னார். (எழுத்து இல்லை) என் மகனுக்கு இப்ப அவங்க கம்பெனியிலயே வேலை குடுத்திருக்காங்க. இங்க வர்றேன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். போகாதேம்மான்னான். வேலையை அவன் பார்க்கட்டும், நான் பார்த்ததை நான் (எழுத்து இல்லை)"

அன்றே இப்படித் திறந்து பார்த்திருக்கலாம். அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மெனக்கெடவும் இல்லை.

தட்டச்சுக்காரி


மார்ச் 24

உங்கள் உறை வந்தபோது லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்து படித்தேன். அம்மா குரல் அப்படியே இருந்தது. 'முறத்துல ஒரு முறம்.' அழுகை பிறகுதான் வந்தது.

கடைசி வரிகளை இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. அண்ணனுக்குத் தெரியும்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தாள். அவன் பிள்ளைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். தாளை அவன் முன்னால் நீட்டினேன். படித்தான். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அம்மா சாட்சி சொல்லப் போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஊரே அவங்களை அப்படிப் பேசினப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா. எங்க அம்மா வேண்டாம்னு நான் தடுத்தும் போய்ச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தபடி சொன்னான். "கம்பெனிக்காரங்க சொல்லித்தான் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். எனக்கு வேலை குடுத்ததே அதுக்குத்தான்னு நெனச்சேன். யாரையும் கேக்கலை. கேட்டா அது நெசம்னு ஆயிடுமேன்னு பயம். கேக்காம இருந்தா வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்ல." பிள்ளை அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. "அம்மாவுக்குத் தெரியும், நான் பேச மாட்டேன்னு. ஒரு தடவைகூட என்னைப் பேசச் சொல்லலை" என்றான்.

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று நினைத்துத்தான் போனேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வக்கீலைப் பார்த்தேன். வழக்கை மறுபடி எடுக்கக் கேட்கலாம் என்கிறார். ஆனால் நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேரில் வந்து சொன்னால்தான். அதோடு ஒரு சிக்கலும் இருக்கிறது. அம்மா மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று என்ன சொன்னார் என்பது இல்லை. அங்கேதான் அறுந்திருக்கிறது. "தூசி அதிகமா இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே, எச்சரிக்கைன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்பார்களாம்.

அந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுதிக் கொடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.


ஏப்ரல் 10

தங்கச்சி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீக்கிய வரி, மாற்றிய எண்ணிக்கை, சனிக்கிழமை யார் என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுதி, பென்டிரைவையும் சேர்த்து உன் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.

செயலாளருக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. போனில் கூப்பிட்டார். "உனக்கென்ன கிறுக்கா? யார் கேட்டாங்க இப்ப? நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லிடுவேன். கடைசியில அழிச்சவ நீ மட்டும்தான்னு ஆகும்" என்றார். "அழிச்சது நான்தான் சார். அதைத்தான் எழுதியிருக்கேன்" என்றேன். வைத்துவிட்டார். அரசு அலுவலக வேலைகள் இனி வராது. வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "எப்ப போகணும்? நானும் வர்றேன்" என்றார்.

நீ கேட்டதை மட்டும் என்னால் தர முடியாது.

அந்த இடம் எனக்கு நினைவிருக்கிறது. உன் அம்மா சொன்னதைச் சுருக்கெழுத்தில் எடுத்தேன், பிறகு அடித்தேன். ஆனால் இந்த ஆறு வருஷத்தில் அதை மனசுக்குள் எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் எது உன் அம்மாவின் சொல், எது நானாகச் சேர்த்தது என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு முறை அவர் சொன்னதை நீக்கினேன். இப்போது சொல்லாததைச் சேர்த்துவிட்டால் நான் செய்தது இரண்டு தப்பாகும். நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

தட்டச்சுக்காரி


ஆகஸ்ட் 30

அக்கா,

ஏப்ரலில் உங்களுக்குப் பதில் எழுதவில்லை. கோபம்தான். செவ்வாய்க்கிழமை நீங்கள் கூண்டில் நின்றபோதுகூட அது முழுசாகப் போகவில்லை. "நினைவிருக்கிறது, ஆனால் சத்தியம் செய்து சொல்லுமளவுக்கு இல்லை" என்று நீங்கள் சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. நீங்கள் சாயங்கால வண்டியில் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். அதனால் புதன்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியாது.

முதலில் அண்ணன் ஏறினான். வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். அம்மா தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதையும், தான் தடுத்ததையும் சொன்னான். இறந்தவர்கள் வீட்டு ஆட்கள் பின்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடைக்கு வந்த அந்தப் பெண்மணி வரவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். அது போதும்.

பிறகு நீதிபதி அம்மாவின் நாலு பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். எழுத்தர் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார். நீங்கள் விட்ட இடங்களையும் விடாமல், "எழுத்து இல்லை" "எழுத்து இல்லை" என்று வாய்விட்டு வாசித்தார். மேலாளர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்துவிட்டார். முடியெல்லாம் நரைத்துவிட்டது.

"மேஜைகிட்டயே போய் நின்னேன். எழுத்து இல்லை. அவர் தலையை நிமிர்த்தலை." அங்கே நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். மேலாளரைப் பார்த்து, "இந்த இடத்துல அந்தம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். வக்கீல் சட்டென்று எழுந்து, பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். நீதிபதியும், "ஆமாம், கட்டாயம் இல்லை" என்றார்.

மேலாளர் எழுந்து நின்றார். எதிரே இருந்த மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் அவர் சட்டையை இழுத்தார்.

"'நாளைக்கு யாரையும் உள்ள விடாதீங்கய்யா, பிள்ளைங்க வேலை பார்க்கிற இடம்' அப்படின்னாங்க" என்றார். பிறகு, "நான் நிமிர்ந்து பார்க்கலை. பார்த்திருந்தா அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியாதுன்னு தெரியும். அதான் பார்க்கலை" என்றார்.

உட்கார்ந்துவிட்டார். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். தீர்ப்பு அக்டோபரில். என்ன வந்தாலும், அம்மா பேசியது இப்போது பதிவில் இருக்கிறது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். இன்னும் வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்று நான் கெஞ்சியபோது நீங்கள் எழுதிக் கொடுக்காமல் இருந்தது சரி. அதை மட்டும் சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி அது வழக்குக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். அம்மா அன்று உங்கள் முன்னால் சொன்னது இதுதானா?

தங்கச்சி


செப்டம்பர் 6

தங்கச்சி,

இதுதான். ஒரு சொல்லைத் தவிர. ஆறு வருஷமாக நான் அதை 'ஆளுங்க வேலை பார்க்கிற இடம்' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் உன் அம்மாவின் குரல் காதில் விழுந்தது. அவர் சொன்னது 'பிள்ளைங்க'தான்.

அக்கா